ஆள் வருது

நல்ல மாணவத் தலைவருக்கு வேண்டிய குணங்கள் மொத்தம் ஒன்பது. எனக்கு அவை தலைகீழாகப் பாடம். செல்போனில் தேடி எடுத்து, அம்மாவிடம் ஒப்பித்து, கண்ணாடி முன்னால் கையை ஆட்டி ஆட்டிப் பழகி வைத்திருந்தேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து பள்ளித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். நிற்கிறவர்கள் மேடையேறி இந்தத் தலைப்பில் பேச வேண்டும், பிறகு ஓட்டு. பேச்சு என்று வந்துவிட்டால் சங்கரன்கோவிலில் இந்த ஜாய்ஸை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒன்பதில் முதல் குணமே தன்னம்பிக்கைதான்.

எனக்குப் போட்டி பொன்மணி. பதினொன்றாம் வகுப்பில் நான் ஏ பிரிவுக்கு லீடர், அவள் பி பிரிவுக்கு. டீச்சர் இல்லாத நேரத்தில் என் வகுப்பில் ஊசி விழுந்தால் சத்தம் கேட்கும். பேசியவன் பெயரைப் பலகையில் எழுதுவேன். மறுபடி பேசினால் பக்கத்தில் ‘மிக’ என்று போடுவேன். அதற்கும் மசியாதவனுக்கு ‘அடங்கவில்லை’. பொன்மணியின் வகுப்பில் பலகை துடைத்தபடியே கிடக்கும், சந்தைக்கடை மாதிரி இரைச்சல் வரும். அவளோ கடைசி பெஞ்சில் எவன் பக்கத்திலாவது உட்கார்ந்து அவன் வீட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இவளையெல்லாம் யார் லீடர் ஆக்கியது என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

அவள் ராயகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். சாயங்காலம் பஸ் உள்ளே நுழைந்ததுமே கூடவே ஓடி, ஜன்னல் வழியாகப் பையை வீசி இடம் பிடித்துவிடுவாள். இதை எல்லோரும்தான் செய்கிறோம். எங்கள் பக்கத்தில் சீட்டில் ஒரு பை கிடந்தால் ஆள் உட்கார்ந்ததற்குச் சமம். “ஆள் வருதா?” என்று கேட்பார்கள். “வருது” என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் பொன்மணி பிடித்த இடத்தில் பொன்மணி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆறாம் வகுப்புப் பொடிசுகளை உட்கார வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போவாள். பிழைக்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொள்வேன்.

மே மாதம் பாளையங்கோட்டையில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேர். நீளம் தாண்டும் அருண்பாண்டியன் ஒருவன். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த ஜெயசித்ரா இன்னொருத்தி. இருநூறு மீட்டரில் அவள் ஓடுவதைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். அவளும் ராயகிரிதான், பொன்மணி தெருவேதான். விடுதியில் இடம் கிடைத்தால் தங்குவது, சாப்பாடு, ப்ளஸ் டூ வரை படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் ஜூனில் ராஜபாளையத்தில் மில் வேலைக்கு அனுப்புவதாக அவள் அப்பா மகாராஜன் முடிவு செய்திருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. வயலில் கூலி வேலை, இவளுக்குக் கீழே இரண்டு பெண் பிள்ளைகள்.

பி.டி. சார் தங்கப்பழத்துக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. அவர் நேராக மைதானத்துக்கு வந்துவிடுவதாகவும், நானும் பொன்மணியும் இவர்களைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றும் ஏற்பாடு. “பத்து மணியோட சர்ட்டிபிகேட் பாக்குறத நிப்பாட்டிருவாவ. ஒரிஜினல் இல்லைன்னா உள்ளயே விட மாட்டாவ. பத்திரம்” என்று போனில் இரண்டு முறை சொன்னார். யாருக்கு அதிகப் பொறுப்பு என்று சார் கவனிப்பார் என்பது எனக்குத் தெரியாதா என்ன? சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, ஒன்பது குணங்களையும் மனதுக்குள் ஒரு முறை ஓட்டிக்கொண்டு, விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

ராயகிரி பஸ்ஸிலிருந்து பொன்மணியும் ஜெயசித்ராவும் இறங்கினார்கள். ஜெயசித்ராவின் நீலப் பை பொன்மணி தோளில் தொங்கியது. பொன்மணியிடம் வேறு பை இல்லை. “இவ அப்பா என் கையிலதான் குடுத்து விட்டாவ. சர்ட்டிபிகேட்டு எல்லாம் இதுலதான் இருக்கு” என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் உள்ளே வந்தது. நெற்றியில் ‘திருநெல்வேலி’ என்று பெரிதாகத் தெரிந்தது. கல்யாண முகூர்த்த நாள் வேறு, கூட்டம் மொய்த்துவிட்டது. பொன்மணிக்குக் கால் நிற்குமா? ஓடினாள். மூன்று பேர் உட்காரும் சீட்டாகப் பார்த்து ஜன்னல் வழியே பையை வீசினாள். “ஜாய்ஸ், அருண் எங்க?” என்று திரும்பி வந்தாள். அருண்பாண்டியன் வடைக் கடையில் நின்றுகொண்டிருந்தான். அவனை இழுத்துக்கொண்டு நாங்கள் வருவதற்குள் பஸ் இருந்த இடம் காலி.

டைம் கீப்பர் ஆபீஸில் ஓடிப்போய்க் கேட்டோம். அவர் டீயை உறிஞ்சியபடி நிதானமாகச் சொன்னார்.

“அது நெல்வேலியில இருந்து வந்த வண்டிம்மா. ராஜபாளையம் போவுது. போர்டுல ரெண்டு ஊரும் போட்டிருக்கும்லா?”

ஜெயசித்ராவுக்கு முன்னாலேயே அவள் சர்ட்டிபிகேட் ராஜபாளையத்துக்குக் கிளம்பிவிட்டது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பரீட்சை மார்க் ஷீட், பிறந்த தேதி, ஆதார், மாவட்டப் போட்டியில் ஜெயித்த சான்றிதழ், அத்தனையும் அந்தப் பையில்.

“யாரு அந்தப் பையப் போட்டது?” என்றான் அருண்பாண்டியன், வாயில் வடையோடு.

நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். போர்டு சரியில்லை, உன் வடையால்தான் தாமதம், கண்டக்டர் ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை. மூன்றுமே உண்மைதான், ஒரு பேச்சுக்குப் போதும்.

“நாந்தான் போட்டேன். போர்ட முழுசாப் படிக்கல. தப்பு என் மேலதான்” என்றாள் பொன்மணி. அவ்வளவுதான். அழுகையும் இல்லை, சமாளிப்பும் இல்லை. ஜெயசித்ரா முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“ஏட்டி, இங்கன பாரு. பை பஸ்ல இருக்கு. பஸ் ரோட்டுல இருக்கு. எங்கயும் பறந்து போயிறல. அழணும்னா பெறவு ரெண்டு பேரும் சேந்து அழுவோம். இப்பம் எந்தி.”

நான் டைம் கீப்பரிடம் சண்டைக்குப் போனேன். எனக்கு அதுதான் வரும். கண்டக்டருக்குப் போன் போடச் சொல்லிக் கத்தினேன். அவரும் பாவம் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. நெரிசலில் கண்டக்டர் டிக்கெட் கொடுப்பாரா, போனை எடுப்பாரா? நான் விடவில்லை. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் பொன்மணியைக் காணோம். அவள் பிளாட்பாரத்தில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போய் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். பூக்காரியிடம், சைக்கிளில் சாய்ந்து நின்றவரிடம், கையில் ஹெல்மெட்டோடு கிளம்பப் பார்த்த ஒருவரிடம்.

“அண்ணாச்சி, இப்பம் போன ராஜபாளையம் வண்டில யாரையும் ஏத்தி விட வந்தீயளா?”

ஹெல்மெட்காரர் நின்றார். அவர் பெயர் பாதுஷா என்று பிறகுதான் தெரியும். “எங்க உம்மாவ ஏத்தி விட்டேன். ஏம்மா?”

எனக்கு இது தோன்றியிருக்குமா? தோன்றியிருக்காது. பஸ்ஸைப் பிடிக்க பஸ்காரரைத்தான் தேடுவேன். வழியனுப்ப வந்தவர்கள் பின்னால் நிற்பார்கள், அவர்கள் ஆள் ஒருவர் பஸ்ஸுக்குள் இருப்பார் என்று யோசிக்க, மனிதர்களைப் பார்த்துப் பழகிய கண் வேண்டும்.

பாதுஷா உம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஜுலைகா பீவியின் குரல் பஸ் இரைச்சலை மீறிக் கேட்டது.

“நீலப் பையா? எம் முன்னாலதான் கெடக்கு. மூணு பேரு உக்காருற சீட்டு. ஆளு வருதுன்னு நெனச்சு எல்லாவனும் நின்னுக்கிட்டு வாரானுவ. நானும் முட்டு வலியோட கம்பியப் புடிச்சிட்டு நிக்கேன்!”

அந்த நேரத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெயசித்ராகூட மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

“அம்மா, நீங்க மொதல்ல அதுல உக்காருங்க” என்றாள் பொன்மணி. “பைய மடில வச்சுக்கிட்டு, போன கொஞ்சம் கண்டக்டர்ட்ட குடுங்க.”

கண்டக்டர் பேசினார். ராஜபாளையத்திலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு வண்டி எதிரே வந்துகொண்டிருக்கிறதாம். கரிவலம் பக்கத்தில் இரண்டும் சந்திக்கும். லைட் போட்டு நிறுத்த முடிந்தால் பையைக் கொடுத்து விடுவார். “விட்டுப் போச்சுன்னா ராஜபாளையத்துக்குத்தாம்மா வந்து வாங்கணும்” என்று சொல்லும்போதே சிக்னல் போய்விட்டது.

அப்போது திருநெல்வேலிக்கே போகிற பஸ் ஒன்று வந்து நின்றது. இந்த முறை நானே போர்டைப் படித்தேன், கண்டக்டரிடமும் கேட்டேன்.

“நீ இவுகளக் கூட்டிட்டுப் போ. நான் இங்கன நின்னு பைய வாங்கிட்டு அடுத்த வண்டில வாரேன்” என்றாள் பொன்மணி.

“கிறுக்கா ஒனக்கு? பை இல்லாம அங்க போயி என்ன செய்ய? அந்த எதிர் வண்டி வரட்டும், எல்லாரும் சேந்தே போவோம்.”

“அது வரலைன்னா? இவ அங்கன நின்னாத்தான் கொஞ்சம் பொறுப்பாவ. ஆளும் இல்ல, பையும் இல்லன்னா பேர அடிச்சிருவாவ.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சார் கேட்டா பொன்மணிதான் தொலைச்சான்னு சொல்லிரு. நீ ஏச்சு வாங்காத. பெறவு, இவ பயம் வந்தா ஒண்ணும் திங்க மாட்டா. பழம் வாங்கிக் குடு, பாதியாச்சும் தின்னுருவா. ஓடுறதுக்கு முன்னால பக்கத்துல ஆள் இருக்கணும் அவளுக்கு. ஆனா பேசப்படாது. நீ பேசாம இருப்பியா?”

“இருப்பேன் போ” என்றேன் கோபமாக.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். என் வகுப்பில் நாற்பத்தைந்து பேர். யார் எத்தனை முறை ‘அடங்கவில்லை’ என்று கேட்டால் சொல்லிவிடுவேன். பயம் வந்தால் யார் சாப்பிட மாட்டார்கள் என்று கேட்டால் ஒருத்தர் பெயரும் தெரியாது. மானூரில் பஸ் நின்றபோது பழம் வாங்கி நீட்டினேன். ஜெயசித்ரா பாதி தின்றாள். பொன்மணி சொன்னது சரியாக இருந்ததில் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மைதானத்தில் சார் வெடித்துவிட்டார். நானும் சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னேன். “பொன்மணிதான் சார் பைய மாத்தி வேற பஸ்ல போட்டுட்டா.”

“நம்பி ஒப்படைச்சேன் பாரு, என்னச் சொல்லணும்! ஒரு பையப் பாத்துக்கிடத் தெரியல, இவ பள்ளிக்கூடத்தையே பாத்துக்கிடுவாளாக்கும்? ஜூன்ல வந்து நிக்கட்டும், நான் பேசிக்கிடுதேன்.”

என் வழி சுத்தமாகத் திறந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் தப்பை ஒப்புக்கொண்டதை மட்டும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அவள் செய்ததைச் சொல்லாமல் விட்டால் அது என்ன நியாயம்? வடைக் கடையிலிருந்து ஜுலைகா பீவி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். சார் கேட்டார். பிறகு வாசல் கேட்டையே பார்க்கத் தொடங்கினார்.

சர்ட்டிபிகேட் பார்க்கிற மேஜை முன்னால் வரிசை. அருண்பாண்டியன் தன்னுடையதைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். நான் ஜெயசித்ராவுக்காக வரிசையில் நின்றேன். மேஜை நெருங்கியதும் ஒதுங்கிப் பின்னால் நிற்பவரை விடுவேன், அடுத்தவரும் போனதும் மறுபடி ஒட்டிக்கொள்வேன். பின்னால் நின்ற அம்மா ஒருத்தி பொறுமை இழந்து கேட்டாள், “நீ நிக்கியா, இல்ல ஆள் வருதா?”

“ஆள் வருது” என்றேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். வருகிறதா? எனக்கு எப்படித் தெரியும்? பொன்மணியிடம் போன்கூடக் கிடையாது. கரிவலத்தில் லைட் போட்டார்களோ, போடாமல் கடந்து போனார்களோ. தன்னம்பிக்கை, நேர மேலாண்மை, தொலைநோக்கு என்று ஒன்பதையும் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் கைகொடுக்கவில்லை. வரிசை கரைந்தது. மேஜையில் இருந்த மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏம்மா, சர்ட்டிபிகேட் இருக்கா, இல்லையா?”

“வந்துக்கிட்டு இருக்கு மேடம். இந்தா வந்துரும். பிள்ளை இங்கதான் இருக்கா, பாருங்க.”

மேடம் ஜெயசித்ராவைப் பார்த்தார். அவள் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் கட்டி, அவிழ்த்துக் கட்டி உட்கார்ந்திருந்தாள். “சரி, நான் எந்திரிக்கிற வரைக்கும் இருங்க” என்றார். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளிடம் சொல்ல என்னிடம் ஆயிரம் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் தோள் என் மேல் சாய்ந்தது.

மேடம் பேனாவை மூடிப் பைக்குள் வைக்கும்போது கேட்டில் சத்தம். வாட்ச்மேனிடம் நின்று பேசக்கூட நேரமில்லாமல் ஒருத்தி ஓடி வந்தாள். தலையெல்லாம் கலைந்து, துப்பட்டாவில் கிரீஸ் கறை. தோளில் நீலப் பை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமில்லாமல் கத்தினேன், “வந்துட்டா மேடம்! ஆள் வந்துட்டா!”

பொன்மணி பையைச் சாரிடம் கொடுக்கவில்லை, என்னிடமும் கொடுக்கவில்லை. ஜெயசித்ரா கையில் கொடுத்தாள். “கரிவலத்துல லைட் போட்டு நிப்பாட்டிக் குடுத்துட்டாவ. பாரு, எல்லாம் சரியா இருக்கான்னு” என்றாள் மூச்சு வாங்க. பிறகுதான் சார் பக்கம் திரும்பினாள். “சார், போர்டு படிக்காம போட்டுட்டேன். தப்புதான்.”

சார் எதையோ சொல்ல வாயெடுத்து, “மொதல்ல தண்ணியக் குடி” என்றார்.

ஜெயசித்ரா ஓடினாள். வளைவு வரைக்கும் மூன்றாவதாக இருந்தாள். நேர்கோட்டுக்கு வந்ததும் முன்னால் போன இருவரையும் தாண்டிவிட்டாள். நான் கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாயங்காலம் மைக்கில் பெயர் வாசித்தார்கள். அருண்பாண்டியன் பெயர் இல்லை, அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள். ஜெயசித்ரா பெயர் இருந்தது.

என் போனில் அப்பாவைக் கூப்பிட்டாள். “அப்பா, எடம் கெடச்சிருச்சு” என்றாள். “நெசமாவா?” என்று அவர் இரண்டு முறை கேட்டார். பிறகு, “பொன்மணிட்ட குடு” என்றார்.

பொன்மணி வாங்கியதும் முதல் வார்த்தை இதுதான். “மாமா, காலையில உங்க பைய நான் வேற பஸ்ல போட்டுத் தொலைச்சிட்டேன்.”

நான் அவள் இடுப்பில் இடித்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு இதை யாராவது சொல்வார்களா? அவள் கண்டுகொள்ளவில்லை. முழுவதையும் சொன்னாள். கடைசியில் மகாராஜன் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

“தொலைச்சவளே தேடிக் கொண்டாந்துட்டல்லா? வா மக்கா, ரெண்டு பேரும் சூதானமா வீடு வந்து சேருங்க.”

புது பஸ் ஸ்டாண்டில் சங்கரன்கோவில் பஸ்ஸுக்குக் கூட்டம் காத்திருந்தது. பஸ் உள்ளே வந்தது. எல்லோரும் பாய்ந்தார்கள். பொன்மணி மட்டும் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள். காலையில் பட்டது போதும் என்று நினைத்தாளோ என்னவோ. அவள் அப்படி நின்றதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஜெயசித்ரா அவள் கையிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஓட்டத்தில் அவளிடம் யார் போட்டி போட முடியும்? “அண்ணே, சங்கரன்கோவில்தானே போவுது?” என்று கேட்டு, கண்டக்டர் தலையாட்டியதைப் பார்த்த பிறகே பையை வீசினாள். நாங்கள் ஏறியபோது அவள் சீட்டை மறித்து நின்றிருந்தாள், உட்காரவில்லை. வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர், “ஆள் வருதா, பாப்பா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“வருது அண்ணாச்சி. இந்தா வாராவ” என்று பொன்மணியைக் காட்டினாள்.

“நீ உக்காருட்டி. ஓடினவ நீதான” என்றாள் பொன்மணி.

“உக்காருங்கக்கா” என்று அவளைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள் ஜெயசித்ரா. மானூர் தாண்டுவதற்குள் பொன்மணி தூங்கிவிட்டாள். அந்த மூன்று பேர் சீட்டில் மற்ற இரண்டு இடத்தில் கைக்குழந்தையோடு ஒரு அம்மாவையும் அவள் மாமியாரையும் உட்கார வைத்தோம். நானும் ஜெயசித்ராவும் அருண்பாண்டியனும் ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். கால் நன்றாகவே வலித்தது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். மேடையில் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். எதிரே பள்ளிக்கூடமே உட்கார்ந்திருந்தது. ஒன்பது குணங்களும் நாக்கு நுனியில் நின்றன, கையை எங்கே ஆட்ட வேண்டும் என்பது உட்பட. பொன்மணி மேடை ஓரத்தில் நின்று தன் முறைக்காகக் காத்திருந்தாள், பேச்சுப் பயத்தில் அவள் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். நான்தான் பழம் வாங்கிக் கொடுத்தேன், பாதி தின்றாள்.

மைக்கைப் பிடித்தேன்.

“நான் இந்த இடத்துல பையப் போட்டு வச்சிருந்தேன். எனக்கில்ல” என்றேன். அவள் பக்கம் கையைக் காட்டினேன். “ஆள் வருது.”

சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். டீச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராயகிரி பஸ்ஸில் வருகிற பொடிசுகள்தான் முதலில் கைதட்டினார்கள்.